தீத்தடுப்புக்குத் தனி வரி போட நம் ஊராட்சியால் முடியுமா?

கேள்வி கேட்டவர் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராம ஊராட்சியைச் சேர்ந்தவர். கோடையில் கண்மாய்க்குள் காய்ந்த புல்லும் முள்ளும் பற்றி, கரை தாண்டி, வைக்கோல் படப்பையும் ஆட்டுக் கொட்டகையையும் தொட்டுவிட்டுப் போகிறது. அவருடைய மகன் கலிபோர்னியாவில் மரின் கவுண்டியில் இருக்கிறார். அங்கே வீட்டின் சதுர அடிக்கு 10 சென்ட் வீதம் உள்ளூரிலேயே வரி வசூலித்துக் காட்டுத்தீயைத் தடுக்கிறார்களாம், அதே மாதிரி நம் ஊராட்சியும் வீட்டு வரியோடு ஒரு தீ வரி சேர்த்து வாங்க முடியாதா என்று கேட்கிறார். கேள்வி வரியைப் பற்றியது போல இருந்தாலும், உள்ளே கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: வருஷா வருஷம் வரும் என்று தெரிந்த தீக்கு, வருஷா வருஷம் நிச்சயமாக ஒதுக்கிய பணமும் ஆளும் எங்கிருந்து கிடைக்கும்? நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் ஊராட்சிக் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். சட்டம் படித்த வக்கீல் இல்லை, தீயணைப்பு வீரனும் இல்லை. அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. ஊராட்சியே ‘தீ வரி’ என்று ஒன்றைப் புதிதாகப் போட முடியாது. அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது. எந்த வரியை ஊராட்சி வசூலிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமன்றம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 243எச் பிரிவு சொல்கிறது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்குக் கொடுத்ததில் வீட்டு வரி, தொழில் வரி போன்றவை உண்டு, தீ என்று எதுவும் இல்லை. இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நகராட்சிகளுக்கான 12ஆவது அட்டவணையில் இருக்கும் 18 பொருள்களில் தீயணைப்புப் பணி ஒன்று. கிராம ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையில் 29 பொருள்கள் இருந்தும் அதில் தீயணைப்பு இல்லை. ஆனால் சமூகக் காடுகள், விறகு, தீவனம், சமுதாயச் சொத்துப் பராமரிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அதனால் உங்கள் ஊராட்சி தீயை ‘அணைக்க’ப் பணம் கேட்டால் தடுமாறும், கண்மாய்க்கரையையும் புறம்போக்கையும் ‘பராமரிக்க’ப் பணம் ஒதுக்கினால் கேள்வி வராது. தணிக்கையில் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதாதா என்று உடனே ஒருவர் கேட்பார். போதாது. கிராம சபை செலவை முடிவு செய்யலாம், பயனாளியைத் தேர்வு செய்யலாம், கணக்குக் கேட்கலாம், வரியை உண்டாக்க முடியாது. வீட்டு வரியைக் கூடத் தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, கீழ் வரம்பும் மேல் வரம்பும் அரசு விதியில் இருக்கிறது. கட்டாயப்படுத்தாமல் மனமுவந்து தரும் தொகையை ரசீது போட்டு ஊராட்சி நிதியில் சேர்க்கலாம். கட்டாதவனுக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது என்று ஆரம்பித்தால் அது வரி ஆகிவிடும், சட்டவிரோதமும் ஆகிவிடும்.

ஒரு காரியத்துக்கென்றே ஒதுக்கிய வரி நமக்குப் புதுசு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிப்பது, இப்போது வீட்டு வரியில் நூற்றுக்குப் பத்து. தீ வரி வந்தால் அந்த மாதிரித்தான் வரும், அதாவது சென்னையில் சட்டம் திருத்தினால்தான் வரும். வந்தாலும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஊராட்சி வசூலித்த நூலக வரி நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேராமல் வருஷக்கணக்காகப் பொதுக்கணக்கிலேயே தங்கிக் கிடக்கும். ‘செலுத்தப்படாத நூலக வரி’ என்று ஆட்சேபணை எழுதி எழுதி எங்கள் பேனா தேய்ந்ததுதான் மிச்சம். வரிக்குப் பெயர் வைப்பதும் பணம் அந்த வேலைக்குப் போவதும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள்.

சரி, மகன் சொன்ன மரின் கதைக்கு வருவோம், ஏனென்றால் அதில் நமக்கு உதவுகிற பாகம் வரி விகிதத்தில் இல்லை. 2017இல் பக்கத்துக் கவுண்டிகளான நாப்பாவும் சோனோமாவும் எரிந்தன, 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரே அழிந்து 85 பேர் செத்தார்கள். அதைப் பார்த்துப் பயந்துபோய் 2020 மார்ச்சில் மரின்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கலிபோர்னியாவில் இப்படி ஒதுக்கிய வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அங்கே எழுபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கட்டடத்தின் சதுர அடிக்கு 10 சென்ட் என்றால் 2,000 சதுர அடி வீட்டுக்கு வருஷம் 200 டாலர். பத்து வருஷம்தான் ஆயுள், அதற்கப்புறம் மறுபடி மக்களிடம் போக வேண்டும். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு விலக்கு உண்டு. பதினேழு உள்ளாட்சி, தீயணைப்பு அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டு ஆணையம் வைத்து, வருகிற பணத்தில் அறுபது சதவீதம் புதர் அகற்றுதல், தப்பிக்கும் பாதை, எச்சரிக்கை போன்ற பொது வேலைகளுக்கு, இருபது சதவீதம் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எது பற்றும் என்று சொல்வதற்கு, மீதி இருபது அந்தந்த ஊரின் சொந்த வேலைகளுக்கு என்று முன்கூட்டியே பிரித்துவிட்டார்கள். மேலே பொதுமக்கள் குழு ஒன்று கணக்குப் பார்க்கிறது.

அதே மாநிலத்தில் தோற்ற கதையும் உண்டு. 2011இல் மாநில அரசு தன் தீயணைப்புப் பொறுப்பில் இருக்கும் கிராமப்புறப் பகுதிகளில் குடியிருக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 150 டாலர் கட்டணம் போட்டது. உள்ளூர்த் தீயணைப்புக்கு ஏற்கெனவே வரி கட்டுகிறோம், இது இரண்டாவது வரி, இந்தப் பணத்தால் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று ஜனங்கள் சண்டை போட்டார்கள், வழக்கும் போட்டார்கள். 2017இல் அதை நிறுத்தி வைத்தார்கள். மாநிலத் தலைநகரத்துக்குப் போன பணம் வெறுப்பைச் சம்பாதித்தது. கண் எதிரே புதர் வெட்டுகிற வரிக்கு ஜனங்களே வாக்குப் போட்டார்கள். இப்படி நான் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், ஆனால் ஊராட்சிக் கணக்கு பார்த்தவனுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அந்தச் சதுர அடிக் கணக்கை மட்டும் செட்டிநாட்டுக்குக் கொண்டு வராதீர்கள். கானாடுகாத்தானில் தெருவுக்குத் தெரு போகிற ஒரு வீடு, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, கொல்லை எல்லாம் சேர்த்து 20,000 சதுர அடி என்று வைத்தால் மரின் கணக்கில் 2,000 டாலர் ஆகிறது. யார் கட்டுவது? வீடு ஒன்று, பங்காளிகள் பதினைந்து பேர், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், வாட்ச்மேன் கையில் சாவி. வீட்டு வரியையே யார் முறை என்று கேட்டுத்தான் கட்டுகிறார்கள். தவிர, சுண்ணாம்புக் காரைச் சுவரும் கல்தூணும் உள்ள அந்த வீடுதான் ஊரிலேயே கடைசியாகத் தீப்பிடிக்கும், ஓட்டு இடுக்கில் வேப்பஞ்சருகு சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். கண்மாய் ஓரத்தில் கீற்றுக் கொட்டகையில் ஆடு கட்டியிருக்கிறவருக்குத்தான் ஆபத்து, அவருக்குச் சதுர அடியும் கிடையாது. அளவை வைத்து வரி போட்டால் ஆபத்து ஓரிடத்திலும் பணம் ஓரிடத்திலும் இருக்கும்.

இப்போது எனக்குப் பிடித்த பாகம், செலவுக் கணக்கு. பெரும்பாலோர் இதைப் போடாமலே வரி பேசுகிறார்கள். ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் மண்ணாக வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 15,000 சதுர மீட்டர், நாலு ஏக்கருக்கும் குறைவு. டிராக்டரில் கொத்துக்கலப்பை மாட்டினால் ஒரு பகலில் இரண்டு உழவு ஓட்டிவிடலாம். முள் அடைத்த இடத்துக்கு மட்டும் ஜேசிபி, நாலைந்து மணி நேரம். ஆள் கூலி சேர்த்தாலும் இது லட்சங்களில் போகிற வேலை இல்லை. 600 வீடு உள்ள ஊரில் வீட்டுக்கு 50 ரூபாய் என்றால் 30,000 ரூபாய், அதிலேயே பெரும்பகுதி முடியும். மரின் மாதிரி வருஷம் 2 கோடி டாலர் தேவைப்படுகிற நிலைமை நமக்கு இல்லை, அங்கே மலைச்சரிவில் காட்டுக்குள் மர வீடு, இங்கே சமதரையில் பொட்டல். ஆக, தடையாக இருப்பது தொகை அல்ல. தை மாசம் புல் காய ஆரம்பித்ததும் அந்த டிராக்டரை வரவழைப்பது யார் வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அதுதான் தடை.

அதைவிடப் பெரிய சிக்கல், நிலம் யாருடையது. ஊரணி ஊராட்சியுடையது. நாற்பது ஹெக்டேருக்குள் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தில் வரும், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. பக்கத்தில் தைலமரத் தோப்பு இருந்தால் அது வனத்தோட்டக் கழகத்துடையதாகவோ சமூகக் காடாகவோ இருக்கலாம். பிரான்மலைப் பக்கம் என்றால் காப்புக்காடு, அதற்குள் ஊராட்சி ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது, அங்கே வனத்துறைதான் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும், அதற்கு மத்திய அரசின் தீத்தடுப்புத் திட்டத்தில் தனி நிதி இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் தனியார் பட்டாத் தரிசு. நம் பகுதியில் சீமைக்கருவேல் அடர்ந்து கிடப்பதில் நிறைய இந்த மாதிரி நிலம், உடையவர் வெளியூரில். அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்காமல் டிராக்டரை இறக்கினால், செலவை நான் என்ன, எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார். ஒரு ஊரில் பார்த்தேன்: ஆறேழு வருஷமாக ‘முட்புதர் அகற்றிய வகையில்’ என்று செலவுப் பட்டியல், அளவுப் புத்தகத்திலும் அளவு சரியாகத்தான் இருக்கிறது. இடம் எது என்று நடந்துபோய்ப் பார்த்தால் எல்லாம் தார் ரோட்டின் இரண்டு பக்கம், புரவி எடுப்புக்கும் மஞ்சுவிரட்டுக்கும் வெளியூர் ஆட்கள் வருகிற வழி. கண்மாயின் உட்பக்கத்தில் இடுப்பளவு புல் அப்படியே நிற்கிறது. பணம் இருந்தது, செலவும் ஆனது, தீ வருகிற பக்கம் மட்டும் யாரும் போகவில்லை.

தீ எப்படி வருகிறது என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். சீமைக்கருவேலை ஒழித்தால் தீ ஒழியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, பச்சையாக நிற்கும் கருவேல் அவ்வளவு சுலபமாகப் பற்றாது, சித்திரை வெயிலிலும் பச்சையாகத்தான் நிற்கும். வெட்டித் தூரை விட்டுவிட்டு, விறகுக்கு ஆகிற கட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு, முள்ளைக் குமித்துப் போட்டுவிட்டுப் போகிறார்களே, அந்தக் குமியல்தான் ஒரு மாசத்தில் வெடிமருந்து. தூரிலிருந்து அடுத்த மழைக்குத் திரும்பவும் தழைக்கும், திறந்த இடத்தில் புல் இன்னும் செழிப்பாக வளரும். கண்மாய்க் கொள்ளளவுக்காகவும் தண்ணீருக்காகவும் கருவேலை எடுப்பதற்கு வேறு நியாயங்கள் உண்டு, தீக்காக மட்டும் என்றால் எடுத்த முதல் இரண்டு வருஷம் ஆபத்து கூடவும் செய்யலாம். இதை உறுதி என்று சொல்ல மாட்டேன், ஊருக்கு ஊர் மண்ணும் மேய்ச்சலும் மாறும். ஆடு மாடு நன்றாக மேய்கிற கண்மாயில் புல் தீ குறைவு என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம்.

இதோடு சேர்ந்ததுதான் பணத்தின் வழியும். கண்மாயில் இருக்கும் கருவேலை மதிப்பீடு வாங்கி ஏலம் விடுகிறார்கள், கரி மூட்டம் போடுகிறவர்கள் எடுக்கிறார்கள். அந்த ஏல நிபந்தனையிலேயே இரண்டு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள்: தூரோடு பிடுங்க வேண்டும், முள்ளை அப்புறப்படுத்தின பிறகுதான் முன்வைப்புத் தொகை திரும்பும். ஒரு காசு வரி இல்லாமல் பாதித் தீத்தடுப்பு இதில் முடிந்துவிடும். மூட்டம் போடும் இடம் காற்று அடிக்கும் திசையில் ஊருக்கு நேராக இருக்கக்கூடாது என்பதையும் எழுதலாம். ஊராட்சிக்கு வருகிற ஏலத் தொகையில் ஒரு பங்கை அடுத்த தைக்கான உழவுக்கு என்று தீர்மானத்தில் கட்டி வைத்தால், மரின்காரர்கள் வாக்கெடுப்பு நடத்திச் செய்ததைத்தான் நீங்கள் சின்ன அளவில் செய்கிறீர்கள். ஊராட்சியின் சொந்த வருவாய் வரும் முதல் கணக்கிலிருந்து இதைச் செலவு செய்யலாம். நிதி ஆணைய மானியத்தில் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பங்கைத் தொடாதீர்கள். கட்டுப்படாத பங்கில் சில ஊராட்சிகள் செய்வார்கள், அதற்கு ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஊர்ப் பணம் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. ஆனால் வருஷா வருஷம் உழுவதற்கு அது சரிப்படாது, ஒரு தடவை கட்டுகிற தண்ணீர்த் தொட்டி மாதிரி வேலைக்குத்தான் பொருந்தும்.

அப்புறம் தலைக்கட்டு வரி. நம் பக்கம் புரவி எடுப்புக்கும் கோயில் காரியத்துக்கும் அரசாங்கச் சட்டம் எதுவும் இல்லாமலே தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊரே கூடி எழுதி ஒரு வாரத்தில் வசூல் முடிகிறது. நகரத்தார் பக்கம் புள்ளிக் கணக்கு, மகமை என்று இதற்கு நெடிய வழக்கம் இருக்கிறது. தீத்தடுப்புக்கும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு எச்சரிக்கையோடுதான் சொல்வேன். தலைக்கட்டு நோட்டில் எல்லா வீடும் இருக்காது. பல ஊரில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பு அந்தக் கணக்கிலேயே சேராது, தனியாக வாழும் பெண்ணின் வீடு சேராது, பிழைக்க வந்த குடும்பம் சேராது. பார்த்தால் கண்மாய்க்கரைக்கு மிக அருகில் இருப்பதும் பெரும்பாலும் அவர்கள் வீடுதான். அந்த நோட்டை வைத்து வசூலித்தால் உழவுக்கோடு கோயில் தெருவோடு நின்றுவிடும். கட்டாதவரை ஊர் விலக்கம் செய்கிற பேச்சும் அந்த நோட்டோடு சேர்ந்தே வரும், அதனால் வழக்கு வரலாம். வீட்டு வரிப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் அநேகமாக எல்லா வீடும் உண்டு. நன்கொடை என்று எழுதி ரசீது கொடுங்கள், முடியாதவர் ஒரு நாள் ஆள் வேலை தரட்டும்.

யார் தலைமையில் நடத்துவது என்பதிலும் இப்போது சங்கடம் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. தனி அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது, நேரம் இருக்காது, அவர் கையில் பல ஊராட்சிகள். ஆகவே கோப்பை நீங்களே தயார் செய்து கொடுத்தால்தான் கையெழுத்து விழும்: வரைபடத்தில் கோடு, எந்த சர்வே எண் யாருடையது என்ற பட்டியல், பட்டாதாரர் சம்மதம், ஒரு பக்க மதிப்பீடு. காரைக்குடியை ஒட்டிய கிராமமாக இருந்தால் முதலில் நீங்கள் இன்னும் ஊராட்சியா என்று பாருங்கள், 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது சுற்றுவட்டாரத்தில் சில ஊர்கள் உள்ளே போய்விட்டன. போயிருந்தால் மேலே சொன்ன 12ஆவது அட்டவணை உங்களுக்குப் பொருந்தும், கேட்கிற இடமும் வேறு.

இன்னொன்று செலவே இல்லாதது. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீ கண்டால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது, யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். முதன்மையாக வனப்பகுதிக்கானது, கண்மாய்ப் புல் தீ எல்லாம் அதில் சிக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். தைலமரக் காடோ காப்புக்காடோ பக்கத்தில் இருந்தால் பயன்படும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் இறந்ததற்குப் பிறகு இந்த மாதிரி எச்சரிக்கைகளை மக்களும் கொஞ்சம் மதிக்கிறார்கள்.

என் யோசனை, ஜனவரி 26 கிராம சபையைப் பிடியுங்கள். வருஷத்தில் நடக்கும் ஆறு கிராம சபையில் தீக்குப் பொருத்தமானது அதுதான், வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் இன்னும் பாதிப் பச்சையாக இருக்கும், உழுதால் மண் இடம் கொடுக்கும். அடுத்தது மார்ச் 22, அதற்குள் ஒரு தடவை எரிந்திருக்கும். தீர்மானத்தில் தொகை, இடம், தேதி மூன்றும் இருக்க வேண்டும், ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று முடிக்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் கண்மாயின் உட்பக்கத்திலிருந்து எடுத்த படத்தைச் செலவுப் பட்டியலோடு இணைக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்மாய் ஒன்றியத்தில் வருகிறதா நீர்வளத்துறையில் வருகிறதா என்று பார்த்து எழுதினால், கருவேல் ஏலக் கோப்பு யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்பதை அடுத்த பதிலில் வரிசையாகச் சொல்கிறேன்.